பேனா கோடு இறுகிப்போகிறது: வாஷ் ஸ்கெட்ச்சில் கையைத் தளர்த்துவது எப்படி?

வரைபடக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் டிரேசிங் பேப்பரும் ரோட்ரிங் பேனாவும், அப்புறம் கம்ப்யூட்டர். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு கிளம்பிவிடுகிறேன். பேனா கோடு, அதன் மேல் வாட்டர்கலர் வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்து மெல்லிசாகப் பூசுகிற வண்ணம். இந்த முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணி ஆற்றோரமாக இறங்கி உட்கார்ந்து சுலோசன முதலியார் பாலத்தை வரைந்தேன். 1843இல் திறந்த பாலம். அந்த வளைவுகளைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். முதலில் பென்சிலில் எல்லா வளைவையும் அளந்து போட்டேன். அதன் மேல் 0.3 மி.மீ. பேனா. கல்லுக்குக் கல் இணைப்பு, கைப்பிடிச் சுவர், ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வெளியே வழியாமல் வண்ணம். இரண்டரை மணி நேரம் ஆனது. படத்தை இணைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நான் அங்கே பார்த்த எதுவும் இல்லை. தண்ணீருக்குள் படுத்துக் கிடந்த எருமைகள், அமலைச் செடி ஒதுங்கிக் கிடந்த மூலை, வளைவுக்கு அடியில் இருந்த அந்தக் குளிர்ந்த இருட்டு, ஒன்றும் தாளில் வரவில்லை. பாலத்தின் எலிவேஷன்தான், பிளானில் போடுகிற முகப்பு வரைபடம்தான், வந்திருக்கிறது. என் மனைவி பார்த்துவிட்டு, "பாலம் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சிலர் பத்து நிமிடத்தில் கொஞ்சம் கோடும் இரண்டு தீற்றலும் போட்டு அந்த இடத்தையே கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுகிறார்கள். நானும் வேகமாகப் போட்டுப் பார்த்தேன். கோணல்தான் வந்தது, உயிர் வரவில்லை. எங்கே பிடித்து மாற்றுவது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சந்தைப் பையன் | ஞாயிறு, இரவு 10:05

அண்ணாச்சி, பென்சிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ரப்பரையும் சேர்த்து. அடியில் பென்சில் கோடு கிடந்தால் பேனா அதைத் தடவிக்கொண்டேதான் போகும், பாலத்தைப் பார்க்காது. முதல் ஒரு மாதம் பக்கத்தைக் கிழிக்கத் தோன்றும். கிழித்துவிடாதீர்கள், பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாளை டிராயிங் மாஸ்டர் | திங்கள், காலை 6:15

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுத்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் கை நல்ல கை. கோட்டின் தலையில்தான் சுமை அதிகம். பாலம் எங்கே முடிகிறது என்று அதே கோடு காட்ட வேண்டும், நிழலைக் காட்ட வேண்டும், கல்லின் சொரசொரப்பையும் காட்ட வேண்டும். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு அது எப்படி ஓடும்? கோடே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால் வாஷுக்கு என்ன வேலை மிச்சம்? கட்டத்தை நிரப்புகிற வேலைதான். அதனால்தான் உங்கள் வண்ணமும் கோட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் வாஷ், பிறகு கோடு. வண்ணமும் வேண்டாம், வெறும் கறுப்பு மை போதும். இரண்டு சின்னக் கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரில் இரண்டே சொட்டு மை. இன்னொன்றில் நல்ல கறுப்பு. தாளின் வெள்ளையைச் சேர்த்தால் மூன்று டோன், அதாவது வெளுப்பும் கறுப்புமாக மூன்று அளவு, ஆயிற்று. ஆற்றங்கரைக்கு இந்த மூன்று தாராளம். பிரஷ் 10 அல்லது 12ஆம் நம்பர் உருண்டை பிரஷ். சின்ன பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோகவே வேண்டாம். கையில் இருந்தால் எடுத்துவிடுவீர்கள்.

இப்போது பாலத்துக்கு எதிரே உட்கார்ந்து கண்ணைப் பாதியாகச் சுருக்குங்கள். கல் இணைப்பெல்லாம் மறைந்துவிடும். வளைவின் உள்வயிற்று இருட்டும் தண்ணீரில் அதன் பிம்பமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புதான் நீங்கள் வரைய வேண்டிய பொருள். வளைவு தனி, தண்ணீர் தனி என்று பிரிக்காமல் ஒரே ஓட்டத்தில் மேலிருந்து கீழே இழுத்து விடுங்கள். எருமை அந்த நிழலுக்குள் கிடந்தால் அதையும் அந்த ஓட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகில் வெயில் படுகிற இடத்தை மட்டும் வெள்ளையாக விடுங்கள்.

காய்ந்த பிறகு பேனாவை எடுங்கள். வாஷ் சொல்லிவிட்டதைக் கோடு திரும்பச் சொல்லக் கூடாது, இது ஒன்றுதான் விதி. நிழல் பக்கத்தில் வாஷே எல்லை காட்டிவிட்டது, அங்கே கோடு வேண்டாம். வெயில் பக்கத்தில் வானமும் கைப்பிடிச் சுவரும் ஒன்றாக வெளுத்துப்போயிருக்கும். அங்கே ஒரு கோடு தேவைப்படும், அதுவும் முழு நீளத்துக்கு அல்ல. இப்படி வரைந்தால் முப்பது கோட்டுக்கு மேல் போட இடமே கிடைக்காது. சுமை குறைந்த கோடு தானாகவே தளரும்.

அம்பை நாணல் | திங்கள், மதியம் 1:20

மாஸ்டர் சார் சொன்னதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அப்போதே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு தாளும் வருத்தமும் மிச்சமாகியிருக்கும்!

எங்கள் பக்கம் பாபநாசம் அருவியைத் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் வந்த பயணத்தில் வரைந்திருக்கிறார்கள். வழியெல்லாம் பென்சிலும் வாஷுமாகப் பதிந்துகொண்டு போய், இங்கிலாந்தில் அக்வாடின்ட் அச்சுகளாக்கினார்கள். அக்வாடின்ட் என்பதே வாஷின் டோனை அச்சில் கொண்டுவருகிற முறைதான். அருவி, பாறை, மரநிழல் என்று வந்துவிட்டால் டோன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வள்ளியூர் காற்று | திங்கள், இரவு 8:50

நான் மாறுபட்டுப் பேசப்போகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது எங்கே பார்த்தாலும் லூஸ் ஸ்டைல்தான். கோபுரத்துக்கு எத்தனை நிலை என்று கூடச் சொல்லாத படத்தைப் போட்டு, அதைத் தளர்வு என்கிறார்கள். வரையத் தெரியாததை மறைக்க இது நல்ல போர்வையாகிவிட்டது. சில்பி வரைந்த கோயில் ஓவியங்களை எடுத்துப் பாருங்கள். சிற்பத்தின் கழுத்தில் கிடக்கிற ஒரு மணி கூட விடுபடாது. அதில் உயிர் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் கல்லை அப்படி இழைத்துவைத்திருக்கிறார்கள், நாம் போய் ஏழு கோட்டில் முடித்துவிட்டு வந்தால் அந்தச் சிற்பிக்கு என்ன மரியாதை?

வரைபடக்காரன், உங்கள் பாலம் எனக்குப் பிடித்திருக்கிறது. அளவு சரியாக வருவது லேசான விஷயமில்லை. அதை விட்டுவிடாதீர்கள்.

பாளை டிராயிங் மாஸ்டர் | செவ்வாய், காலை 6:30

வள்ளியூர்க்காரர் கேட்டது நியாயமான கேள்வி. சில்பியின் கோட்டுக்கு நானும் தலைவணங்குகிறவன்தான்.

ஆனால் தளர்வு என்றால் அளவை விடுவது என்று நான் சொல்லவில்லை. அளவு பிசகினால் தளர்வான படம்தான் முதலில் விழும். நுணுக்கமாக வரைந்த படத்தில் சின்னச் சின்ன அழகு கண்ணை வேறு பக்கம் இழுத்துவிடும், பெரிய தப்பு கூட மறைந்துபோகும். தளர்வான படத்தில் ஒளிய இடம் கிடையாது. நெல்லையப்பர் கோயில் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடி அகலத்துக்கு உயரம் எவ்வளவு, மேலே போகப் போக எவ்வளவு ஒடுங்குகிறது, இந்த இரண்டும் சரியாக வந்துவிட்டால் உள்ளே வெறும் புள்ளிகளை வைத்தாலும் டவுன்காரன் எவனும் அது எந்தக் கோபுரம் என்று சொல்லிவிடுவான். அந்தச் சாய்வு தப்பினால் ஆயிரம் பொம்மை வரைந்தாலும் அது வேறு ஊர்க் கோபுரம். இதோடு கண் மட்டம். நீங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்களா, நிற்கிறீர்களா என்பதைத் தாளில் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இவ்வளவையும் பேனா தொடும் முன்பே, விரலை நீட்டி அளந்து மனதில் வைத்துக்கொள்ளலாம். பென்சில் வேண்டியதில்லை.

ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களை நினைத்துப் பாருங்கள். கோடு துடிக்கும், உடையும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஆனால் தலையின் உருண்டையும் தோள் வளைவும் நடையின் சாய்வும் அச்சாக காந்தி. சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் முறையாகப் படித்த கை அது. படித்ததால்தான் விட முடிந்தது.

வரைபடக்காரத் தம்பிக்கு இதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அளவு பழகிய கண், அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாஷை நம்பக் கற்றுக்கொண்டால் போதும்.

சந்தைப் பையன் | செவ்வாய், காலை 11:10

மேலப்பாளையம் சந்தையிலிருந்து எழுதுகிறேன், அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைக்கு ஆடு எக்கச்சக்கம்.

வரைபடக்காரன் | புதன், இரவு 9:15

மாஸ்டர் சார், சொன்னபடி இன்று காலை ஏழரை மணிக்கு மொட்டைமாடியில் செய்து பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு தென்னை, தூரத்தில் மேற்கு மலை. வாஷ் முதலில். மலைக்கு மெல்லிய டோன் போட்டுக்கொண்டு இடமிருந்து வலம் போவதற்குள் இடது பக்கம் காய்ந்துவிட்டது. சேர்ந்த இடமெல்லாம் விளிம்பு கட்டிக்கொண்டு கோடு கோடாக நிற்கிறது. அதை மறைக்க மேலே இன்னொரு தடவை போட்டேன், சேறாகிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தென்னை மட்டையைக் கோடு போடாமல் பிரஷ்ஷின் பக்கவாட்டில் இழுத்து விட்டேன். அது மட்டும் அசைகிற மாதிரி இருக்கிறது. என் புத்தகத்தில் முதல்முறையாக ஒன்று அசைகிறது.

இப்படி உடனே காய்ந்துபோவதற்கு என்ன செய்வது? சித்திரை வெயிலில் இது நடக்கிற காரியமா? அப்புறம் என் கறுப்பு மை பேனாவில் அடைத்துக்கொண்டுவிட்டது. டிராயிங் இங்க் வாங்கி ஃபவுண்டன் பேனாவில் ஊற்றியிருந்தேன்.

அம்பை நாணல் | புதன், இரவு 10:00

தம்பி, முதலில் பேனாவைக் காப்பாற்றுங்கள். வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் பலவற்றில் ஷெல்லாக், அதாவது அரக்கு, கலந்து வரும். அது தொட்டு எழுதுகிற நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும்தான். ஃபவுண்டன் பேனாவுக்குள் காய்ந்தால் தொண்டையில் அரக்கு வைத்த மாதிரிதான். கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போடுங்கள், சில பேனா பிழைக்கும். ஃபவுண்டன் பேனாவுக்கென்றே பிக்மென்ட் மை தனியாக வருகிறது. நான் பிளாட்டினம் கார்பன் போடுகிறேன். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் அசையாது. தினமும் நாலு கோடாவது போட்டால் அடைக்காது. மாதக்கணக்கில் மூடி வைத்தால் அதுவும் கோபித்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் கோடு விஷயம். எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆற்றங்கரையில் நாணல் கிடக்கிறது அல்லவா, அதில் நன்றாக முற்றிக் காய்ந்த தட்டையாக, பென்சில் கனத்தில் ஒன்றை ஒடித்து வாருங்கள். பச்சையாக எடுத்தால் நனைந்ததும் குழைந்துவிடும். நுனியைச் சாய்வாக நீளமாகச் சீவுங்கள். உள்ளே இருக்கிற மெத்துப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிளேடால் நடுவில் அரை அங்குலம் கீறுங்கள், மை இறங்குகிற வழி அது. கடைசியாக நுனியை வேண்டிய அகலத்துக்குக் குறுக்காக வெட்டுங்கள், அவ்வளவுதான். வான்கா 1888இல் ஆர்ல் ஊரில் இருந்தபோது வரைந்த வயல்வெளிகளும் தோட்டங்களும் இந்த மாதிரி நாணல் பேனாவில்தான். அவருக்கும் முன்னால் ரெம்ப்ராண்ட்.

இதன் அருமை என்னவென்றால், நாணல் கொஞ்சம் மைதான் பிடிக்கும். நாலைந்து அங்குலம் ஓடியதும் வறண்டு, சொரசொரவென்று தேய்ந்து நின்றுவிடும். தொட்டுத் தொட்டுத்தான் போடணும். அதனால் நீளக் கோடு இழுக்க அது விடாது, சின்ன இணைப்பெல்லாம் போட அது விடாது. ஈரமாக ஆரம்பித்துக் காய்ந்து முடிகிற அந்தக் கோட்டிலேயே வெயிலும் நிழலும் வந்துவிடும். நான் தளர்வைப் பழகவில்லை, நாணல்தான் என்னைத் தளர்த்தியது. நாணல் கிடைக்காத நாளில் வாரியல் ஈர்க்கை ஒடித்து வைத்துக்கொள்வேன். அதுவும் ஒரு தினுசு.

பாளை டிராயிங் மாஸ்டர் | வியாழன், காலை 6:20

அம்மா, நாணல் யோசனை அருமை. நானும் இந்த வாரம் ஒன்று வெட்டுகிறேன்.

தம்பி, வெயில் விஷயம். காய்கிற வேகத்தோடு போட்டி போடாதீர்கள். மூன்று இடத்தில் உங்களுக்குத் தவறுகிறது என்று நினைக்கிறேன். மை கலவையைக் கொஞ்சமாகக் கலக்கியிருப்பீர்கள், பாதி வழியில் தீர்ந்துபோய்த் திரும்பக் கலக்கியிருப்பீர்கள். அதற்குள் விளிம்பு காய்ந்திருக்கும். தேவைக்கு மூன்று மடங்கு கலக்கி வையுங்கள், மிஞ்சினால் செடிக்கு ஊற்றவும் வேண்டாம், ஒரு பாட்டிலில் வையுங்கள். அடுத்தது, அட்டையைப் படுக்கையாக வைக்காமல் மேல் பக்கத்தை நாலு விரல் உயர்த்திக்கொள்ளுங்கள். பிரஷ் போகிற இடத்தின் கீழ் விளிம்பில் ஈரம் மணி போலத் தேங்கி நிற்கும். அந்த மணியை உடைக்காமல் அடுத்த இழுப்பில் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். கடைசியில் பிரஷ்ஷைத் துடைத்து மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். மூன்றாவதுதான் பெரியது: போட்ட இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். பாதி காய்ந்த வாஷைத் தொட்டால் அழுக்குதான் மிஞ்சும்.

நிழலில் உட்காருங்கள், தாளும் நிழலில் இருக்கட்டும். வெள்ளைத் தாளில் வெயில் அடித்தால் டோனும் சரியாகத் தெரியாது. ரொம்பக் காய்ந்தால் கலவையில் ஒரு சொட்டு கிளிசரின் விடலாம். ஒரு சொட்டுக்கு மேல் போனால் காயவே காயாமல் பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் குற்றாலம் பக்கம் போனால் இதற்கு நேர்மாறு. சாரலில் ஒரு வாஷ் அரை மணி ஆனாலும் காயாது. அங்கே விளிம்பு கட்டுவதற்காக ஏங்குவீர்கள்!

தாள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

வரைபடக்காரன் | வியாழன், காலை 8:05

சாதாரண கார்ட்ரிட்ஜ் டிராயிங் தாள் சார், கனம் 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்). போன மழைக்காலத்துக்கு முன்னால் வாங்கியது.

பாளை டிராயிங் மாஸ்டர் | வியாழன், காலை 8:30

பாதிக் குற்றம் தாளுடையது. மழைக்கால ஈரத்தில் கிடந்த தாளில் மேல்பூச்சு கெட்டிருக்கும், அங்கங்கே ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சும். குறைந்தது 200 ஜிஎஸ்எம் வாங்குங்கள். முடிந்தால் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை வாங்கி நாலாகக் கிழித்துப் பயன்படுத்துங்கள். விலை அதிகம்தான். ஆனால் விலையை நினைத்துக்கொண்டே வரைந்தால் கை திரும்ப இறுகிவிடும். அதனால் கிழித்த கையோடு ஒரு மூலையில் மையைத் தெளித்துவிடுவேன், இனி அது புதுத் தாள் இல்லை.

சந்தைப் பையன் | வியாழன், இரவு 9:30

சரி, சந்தைக் கதையைச் சொல்கிறேன். அண்ணாச்சிக்கு உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பாலம் அசையாது, ஆடு நிற்காது.

மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை. காலேஜ் இல்லாத செவ்வாயெல்லாம் விடிகாலையிலேயே போய்விடுவேன். முதலில் ஒரு ஆட்டைப் பிடித்து முழுசாக வரையப் பார்ப்பேன். தலை போடுவதற்குள் திரும்பிவிடும், வியாபாரி கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார். மூன்று வாரம் அரைத் தலைகளாகவே வரைந்தேன். அப்புறம்தான் ஒன்று புரிந்தது. ஆடு நிற்கிற நிலைகள் ரொம்பக் கொஞ்சம். தலையைக் குனிந்து மேய்வது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, முன்னங்காலை மேலே வைத்து எட்டுவது, படுத்துக் கிடப்பது. திரும்பத் திரும்ப இதையேதான் செய்யும். அதனால் இப்போது ஒரே பக்கத்தில் ஐந்து ஆட்டை ஆரம்பித்து வைக்கிறேன். ஒன்று அசைந்தால் அதை விட்டு அடுத்ததுக்குப் போவேன். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதோ ஒரு ஆடு வந்து பழைய நிலையில் நிற்கும். அப்போது பழையதைத் தொடர்வேன். ஐந்து ஆடும் சேர்ந்து முடியும். முன்னங்கால் ஒன்றுடையது, கொம்பு இன்னொன்றுடையது. படத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

உடம்பை நானும் வாஷில்தான் முதலில் போடுகிறேன். ஒரே அமுக்கில் ஒரு பொட்டு, அதுதான் உடம்பு. அது ஈரமாக இருக்கும்போதே கழுத்தை ஒரு இழுப்பு. கொடி ஆடு என்கிற நம்ம நாட்டு இனம் வந்தால் எனக்குத் திருவிழாதான். நெட்டையான கால், வெள்ளை உடம்பு. கரும்போரையாக இருந்தால் கறுப்புத் திட்டு, செம்போரையாக இருந்தால் செம்பழுப்புத் திட்டு. தாளில் வெறும் தண்ணீரால் ஆட்டு உடம்பை நனைத்துவிட்டு, ஈரத்தில் இரண்டு சொட்டு மையை விடுவேன். அது தானாகப் பரவித் திட்டாகிவிடும். நான் வரைந்தால் அந்தத் திட்டு அவ்வளவு இயல்பாக வராது. பிறகு காலுக்கு, கொம்புக்கு, காதுக்கு மட்டும் பேனா.

மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன கார்பன் மையும் வைத்திருக்கிறேன். ஆனால் சந்தைக்குப் பேனாவில் பிரில் ராயல் புளூதான். தண்ணீரில் கரைகிற மை. கோட்டைப் போட்டு அதன் ஒரு பக்கம் மட்டும் ஈர பிரஷ்ஷால் தொட்டால் கோடே கரைந்து நிழலாகிவிடும். பெயின்ட் டப்பாவே வேண்டாம், ஒரு பேனா, ஒரு பிரஷ், சட்டைப்பையில் அடங்கிவிடும். வெயிலில் மாட்டி வைத்தால் நீலம் வெளுத்துவிடும், அதனால் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒரு கரும்போரைப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

அம்பை நாணல் | வெள்ளி, காலை 7:00

தம்பி, அந்தக் கரும்போரை ஆட்டுப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆட்டுக்கு மூன்று கால்தான் போட்டிருக்கிறாய், நாலாவது நிழலில் போய்விட்டது. அப்படியே இருக்கட்டும்.

வள்ளியூர் காற்று | சனி, இரவு 8:20

பேசியது போதும், செய்து பார்த்துவிட்டே எழுதலாம் என்று இன்று கிருஷ்ணாபுரம் போயிருந்தேன். இருபது நிமிடம் என்று மொபைலில் மணி வைத்துக்கொண்டு மண்டபத்தின் உள்ளே உட்கார்ந்தேன். மாஸ்டர் சார் சொன்ன மாதிரி இரண்டு கிண்ணம். தூண்களை விட்டுவிட்டுத் தூண்களுக்கு நடுவில் இருந்த இருட்டை மட்டும் வாஷில் போட்டேன். தூண்கள் தாளின் வெள்ளையாக நின்றன. நான் ஒரு தூணையும் வரையவில்லை, ஆனால் அத்தனையும் நிற்கின்றன. வாசல் பக்கமிருந்து தரையில் விழுந்த வெளிச்சத்துக்கும் ஒன்றும் செய்யவில்லை, அது தானாகவே விழுந்திருந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் என் கருத்தில் பாதி அப்படியேதான் இருக்கிறது. மணி அடித்த பிறகு வீரபத்திரர் சிற்பத்தின் முன்னால் போய் நின்றேன். அந்த விரல்களையும் நகங்களையும் நரம்பையும் பார்த்துவிட்டு வாஷில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. 0.1 பேனாவை எடுத்து ஒரு கையை மட்டும் ஒன்றரை மணி நேரம் வரைந்தேன். மண்டபத்துக்கு ஒரு முறை, அந்தக் கைக்கு ஒரு முறை. எனக்கு இப்படித்தான் படுகிறது. இரண்டு படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பாளை டிராயிங் மாஸ்டர் | சனி, இரவு 9:00

இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள் ஐயா. அந்த இருட்டு வாஷில் நீங்கள் கண் மட்டத்தைப் பிடித்திருக்கிற விதம் எனக்கு வரவில்லை, பொறாமையாக இருக்கிறது.

வரைபடக்காரன் | ஞாயிறு, மதியம் 12:30

இன்று குறுக்குத்துறை போனேன். ஆறேகாலுக்குப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன். மருத மர நிழல், தாளும் நிழலில். எதிரே ஆற்றுக்குள் முருகன் கோயில், கல் மண்டபம், பாறைகள், குளிக்கிற ஆட்கள்.

முதல் கால் மணி நேரம் பையைத் திறக்கவே இல்லை. விரலை நீட்டிக் கோயிலின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து வைத்துக்கொண்டேன். கண்ணைச் சுருக்கினேன். மண்டபத்து உள்ளிருட்டு, அதன் கீழே பாறை நிழல், அதன் கீழே தண்ணீரில் அதன் பிம்பம், மூன்றும் ஒன்றாக இறங்கி ஒரு பெரிய கறுப்பாகத் தெரிந்தது. அதை முதலில் போட்டேன். பெரிய பிரஷ், நிறையக் கலவை, அட்டை சாய்ந்திருந்தது. மணி உடையாமல் கீழே வரை வந்தது. அந்த ஒன்றரை நிமிடம் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

நடுவில் பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பாதி காய்ந்த இடத்தில் விழுந்துவிட்டது. மண்டபத்துச் சுவரில் பூ விரிந்த மாதிரி ஒரு கறை. கை தானாக டிஷ்யூவுக்குப் போனது, அப்புறம் நிறுத்திவிட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கோயில் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தச் சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால் அது பொய்யில்லை என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

காய்ந்த பிறகு நாணல் பேனா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா சொன்னபடி ஒன்று வெட்டி வைத்திருந்தேன். முதல் நாணல் கீறும்போது பிளந்துவிட்டது, இரண்டாவது சரியாக வந்தது. கோட்டை எண்ணிக்கொண்டே போட்டேன், முப்பத்தி நாலு. கோயில் விளிம்பில் வெயில் பட்ட பக்கத்துக்கு ஆறு, குளிக்கிறவர்களுக்கு ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று, மரக்கிளை ஒன்றுக்கு நாலு. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கை மேலே போன நேரத்தில் கோடு வறண்டு தேய்ந்து முடிந்தது. அந்தத் தேய்மானமே துணி விசிறின மாதிரி ஆகிவிட்டது. அதை நான் போட்டேன் என்று சொல்ல முடியாது.

மொத்தம் நாற்பது நிமிடம். அதில் பேனா ஓடியது ஆறேழு நிமிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆத்துல தண்ணி ரொம்பக் கொறைஞ்சிட்டு போல" என்றாள்.

படத்தை இணைத்திருக்கிறேன்.

அம்பை நாணல் | ஞாயிறு, மதியம் 12:50

தண்ணீர் குறைந்ததை நானும் பார்த்தேன் தம்பி. பாறை அவ்வளவு தூரம் வெளியே தெரிகிறதே.

பாளை டிராயிங் மாஸ்டர் | ஞாயிறு, மாலை 4:10

வலது ஓரத்து மரத்துக்குப் போட்ட நாலு கோட்டில் இரண்டு போதும். மற்றபடி நான் சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர்க் கறையை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு அதே படித்துறைக்கு நானும் வருகிறேன். நாணல் ஒன்று கூடுதலாக வெட்டி வையுங்கள், என்னுடையது இரண்டு தடவையும் பிளந்துவிட்டது.

சந்தைப் பையன் | ஞாயிறு, மாலை 4:25

சார், நானும் வருகிறேன். அண்ணாச்சி, நீங்கள் ஒரு செவ்வாய் சந்தைக்கு வாருங்கள். ஆறு மணிக்கு வாசல் பக்கம் நிற்பேன்.